முழங்கை வரை

யாரைப் பார்த்தாலும் அந்த அக்கா முதலில் கையைத்தான் பார்ப்பார். முகம் அப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் கும்பிட்டுத் தோத்திரம் சொல்லும்போது, அவர் மட்டும் வெள்ளைக்காரர்களைப் போலக் கை கொடுப்பார். கொடுத்த கையைச் சீக்கிரம் விடமாட்டார். விரல்களைத் தடவி, உள்ளங்கையைப் புரட்டி, மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரலால் வளையம் போட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கு ஆறரை போதும்" என்பார். சில பேரிடம், "விரல் கட்டையா இருக்கு. உனக்குத் தனியாத்தான் தைக்கணும்" என்பார்.

அவர் தைத்தது கையுறை. செத்த பிறகு போடுகிற வெள்ளைக் கையுறை.

அதனால் அவர் வருவதைப் பார்த்தாலே பெண்கள் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொள்வார்கள். எதிர்வீட்டுச் செல்வி ஒருத்திதான் வாய் திறப்பாள். "என் கையை விடுங்க ஆன்ட்டி, நான் இன்னும் கொஞ்ச நாள் சட்னி அரைக்கணும்" என்பாள். அவர் கோபப்பட மாட்டார். "அரை, அரை. அரைச்சா இன்னும் தடிக்கும். எட்டு வெச்சிக்கலாம்" என்பார்.

பிரேசர் டவுனில் பெரிய பங்களாக்களுக்குப் பின்னால் எங்கள் சந்து. அந்தக் காலத்தில் பங்களாக்களில் வேலை செய்தவர்களுக்காக விட்ட இடம். எங்கள் சர்ச்சில் ஒரு பெண் இறந்துபோனால், குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை கட்டி, காலுறை கையுறை மாட்டி, பெட்டியில் வைக்கும்படி ஆக்கிக் கொடுப்பவர் அவர்தான். நாற்பது வருஷம் செய்தார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. காசும் வாங்க மாட்டார். ஆனால் பெட்டியை மூடும் முன்பு பாஸ்டர் அவரைப் பார்ப்பார். அவர் தலையசைத்தால்தான் மூடுவார்கள்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. சந்தில் பிள்ளைகள் கிளவுஸ் ஆன்ட்டி என்பார்கள். நான் அக்கா என்பேன். இருபத்தாறு வருஷம் அவருக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தவள், செத்தவர்களின் கையைத் தூக்கிப் பிடித்தவள் நான். என்னை ஏன் சேர்த்துக்கொண்டார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நீ வா. நீ பேச மாட்டே."

உண்மைதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதுகூட, நான் படிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

என் தங்கச்சி அப்படியில்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள். சாகும் முன்பு என்னிடமும் ஒன்று கேட்டாள். எங்கள் அம்மாவைப் புதைத்த குழியில் தன்னையும் வைக்க வேண்டும். கையுறை இல்லாமல், வெறுங்கையோடு வைக்க வேண்டும். நான் சரி என்றேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவள் கையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அப்பா சுரங்கத்தில் இருந்தார். கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு. எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு எட்டு வயது இருக்கும்போது இரண்டு பேருக்கும் அம்மை போட்டது. நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். ஆனாலும் அம்மை போட்டால் மாரியம்மாவுக்குத்தான் வேண்டிக்கொள்வார்கள். பிள்ளை பயந்துகொண்டால் தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். செப்டம்பரில் மாதாவுக்குக் காவித் துணி கட்டிக்கொண்டு நடந்து போவார்கள். கல்யாணமும் சாவும் சர்ச்சில். பக்கத்து லைனில் புத்தர் படம் வைத்திருந்தவர்களும் கூழ் ஊற்றும்போது சொம்பு எடுத்துக்கொண்டு வருவார்கள். யாரும் யாரையும் நீ என்ன என்று கேட்டதில்லை.

அம்மை இறங்கியதும் அம்மா பச்சை குத்துகிறவளைக் கூட்டிவந்தாள். அம்மாவின் வலது முன்கையில் ஒரு கோலம் உண்டு. ஒன்பது புள்ளி, சுற்றி வளைந்து வளைந்து ஒரே கோடு. குத்தினவள் கை தவறி, ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே, மணிக்கட்டுப் பக்கம் விழுந்துவிட்டது. எங்களுக்கும் அதே மாதிரி, அந்த வெளிப்புள்ளியோடு சேர்த்துக் குத்தச் சொன்னாள்.

"செத்தா தோடு மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டிக்குவாங்க. இதை ஒருத்தனும் கழட்ட முடியாது. அங்க நீங்க வந்து கையைக் காட்டுங்க. நான் அடையாளம் தெரிஞ்சிக்கறேன்" என்றாள்.

தங்கச்சி கையை நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அம்மா சிரித்துவிட்டு, "இவளை எப்படிக் கண்டுபிடிக்கப் போறேனோ" என்றாள். இன்றைக்கும் என் கை வெறும் கைதான்.

அப்பா நெஞ்சில் தூசி அடைத்துச் செத்த பிறகு பெங்களூருக்கு வந்தோம். அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் சமையல் செய்தாள். பிறகு நானும் தங்கச்சியும் கல்யாணமாகி இதே சந்தில் இரண்டு வீடு தள்ளித் தள்ளி இருந்தோம். அம்மா செத்தபோதுதான் அந்த அக்காவை வேலையில் பார்த்தேன்.

அவர் வேலை செய்கிற அழகை இல்லை என்று சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவர், செத்தவர்களிடம் அவ்வளவு கொஞ்சுவார். வெந்நீர்த் துணியால் விரல்களை ஒத்தி ஒத்தி இளக்குவார். கையுறைக்குள் பவுடர் கொட்டி, "வா கண்ணு, உள்ள வா. பெரிய விரலு வந்திருச்சு. தம்பி விரலு எங்க" என்று ஒவ்வொரு விரலாகக் கூப்பிட்டு நுழைப்பார். பச்சை குத்தின கையென்றால் முழங்கை வரை வந்து நாடாவால் கட்டுகிற நீளக் கையுறை எடுப்பார். அதையும் அவரேதான் தைத்து, பூச்சி உருண்டை போட்டு ஒரு செருப்புப் பெட்டியில் வைத்திருப்பார். எந்தக் கைக்கு எது என்று உள்ளே துண்டுச் சீட்டு இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் சீட்டு.

அம்மா கையில் நீளக் கையுறை ஏறுவதைப் பார்த்துத் தங்கச்சி கத்தினாள்.

"எங்கம்மா கையை எதுக்கு மூடறீங்க?"

"ஆண்டவர் முன்னாடி கிறுக்கின கையோட போகக் கூடாது."

"எந்த ஆண்டவர் சொன்னாரு?"

"துரைசானி அம்மா போனப்ப நீ பாத்திருக்கணும். முழங்கை வரைக்கும் வெள்ளை. பால் மாதிரி. தேவதூதன் வந்து கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு" என்றார் அக்கா.

அவர் பார்த்திருக்கவே முடியாது. அவருடைய அம்மா ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். அந்தத் துரைசானி செத்தபோது இவர் கைக்குழந்தை. அம்மா சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் தான் பார்த்ததாகவே ஆகிவிட்டது. பிறகு துரைகள் கப்பலேறினார்கள். அம்மாவும் செத்தாள். இவரை மிஷன் போர்டிங்கில் சேர்த்தார்கள். அங்கே சேர்க்கும் நாளில் நெற்றிப் பொட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்களாம். "ரத்தம் வந்துச்சு. நல்லதுதான் செஞ்சாங்க" என்பார். ஒரு பெரிய ரிஜிஸ்டரில் பழைய பெயரை விட்டுப் புதுப் பெயரை எழுதி, சாமி எது என்ற கட்டத்தில் ஒன்றை எழுதி, கோடு போட்டார்களாம். அந்த ரிஜிஸ்டரைப் பற்றிப் பேசினால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எந்தச் சண்டையிலும் கடைசியில் அவர் சொல்வது ஒன்றுதான்.

"ஒரு ஆளுக்கு ஒரு வரிதான்."

அவர் அதைச் சும்மா சொல்வதில்லை, செய்தும் காட்டுவார். செல்வியின் மகன் பி.யூ.சி. முடித்திருந்தான். நல்ல மார்க்கு. எங்கள் ஜனங்களுக்கு உள்ள சலுகையில் எஞ்சினியரிங் கிடைத்துவிடும் என்றார்கள். அதற்கு ஜாதி சர்டிபிகேட் வேண்டும். பேப்பரில் சர்ச் என்று தெரிந்தால் அந்தச் சலுகை போய்விடும். அதனால் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். பேப்பருக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று. செல்வியின் மகன் பேப்பரில் பிரபு, சர்ச்சில் பீட்டர். இதில் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. இரண்டும் அவன்தான்.

தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரணைக்கு வந்தார். செல்வி அன்றைக்கு நெற்றியில் பொட்டு வைத்து, வாசலில் கோலம் போட்டு, காப்பி கொடுத்தாள். அவர் காப்பி குடித்துக்கொண்டே தெருவில் நின்றவர்களைப் பார்த்து, "இவரு ஹிந்துனா, கிறிஸ்டியனா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஹிந்து, ஹிந்து என்று நாலு பேர் சொன்னார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா தன் வாசலில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பீட்டரு, ஞாயித்துக்கெழம பாட்டு கிளாசுக்கு ஏன் வரல?"

பையன் அப்படியே நின்றான். வந்தவர் மீதிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஃபைலை மூடினார்.

அவர் போன பிறகு செல்வி வந்து அக்கா முன்னால் நின்றாள். கத்தவில்லை.

"உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணோம் ஆன்ட்டி?"

"நான் பொய்யா சொன்னேன்? அவன் பேரு பீட்டருதானே. ஒரு ஆளுக்கு ஒரு வரிதான். எந்த வரின்னு நீயே சொல்லு."

"அந்த வரியை எழுதினவன் கப்பலேறிப் போயிட்டான். இங்க சோறு திங்கறது நாங்க."

அக்கா துணியை ஊசிக்கு அடியில் தள்ளினார். மிஷினை மிதித்தார். அன்று அவர் தைத்துக்கொண்டிருந்ததும் ஒரு ஜோடி கையுறைதான். எட்டு.

சில வருஷத்தில் செல்வி மாரடைப்பில் செத்தாள். மகன் அதற்குள் சாப்பாட்டுப் பை மாட்டிய வண்டியில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனி கொடுத்த சிவப்புச் சட்டையோடு வாசலில் நின்றான். உள்ளே அக்கா, "வா ராஜாத்தி, வா தாயி, கை எவ்வளவு சில்லுனு இருக்கு பாரு" என்று செல்வியின் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடாக்கினார். கண்ணீர்கூட விட்டார். பொய்க் கண்ணீர் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் எனக்கு அதிகம் பயம் வந்த நாள் அதுதான்.

சனிக்கிழமைகளில் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். தோட்டத்துக்கு நடுவில் இடுப்பளவு சுவர் உண்டு. அந்தப் பக்கம் துரைகள் பக்கம். பளிங்கில் தேவதூதர் சிலைகள், தாராளமாகப் புல். இந்தப் பக்கம் நாங்கள். இடமில்லாமல், பழைய குழியைத் திறந்து எலும்பை ஓரத்தில் ஒதுக்கி, அதே குடும்பத்தில் அடுத்தவரை வைப்போம். அக்கா துரைகள் பக்கம் போய் ஒரு துரைசானி கல்லறையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அது அந்தத் துரைசானிதானா என்பது அவருக்கும் தெரியாது. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. கழுவிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தைக் காட்டி, "ஒரு ஆள் தாராளமாப் படுக்கலாம்" என்பார்.

ஒரு தடவை கமிட்டியில் அதைக் கேட்டே விட்டார். இத்தனை வருஷம் உழைத்திருக்கிறேன், அந்த இடத்தைக் கொடுங்கள் என்றார். கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். ஒருத்தர் சிரித்தார். "அது ஹெரிடேஜ்மா. அங்க நாம படுக்க முடியுமா" என்றார். அக்காவும் சிரித்தார். "ஆமாமா, நான் சும்மாதான் கேட்டேன்" என்றார். திரும்பி வரும்போது வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

தங்கச்சிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஊசி குத்திக் குத்தி இடது கை வீங்கிவிட்டது. வலது கையில் குத்த விடமாட்டாள்.

"இதைக் கெடுத்துட்டா அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். நர்ஸ் பெண்கள் சிரிப்பார்கள்.

அப்போதுதான் என்னிடம் கேட்டாள். "நீ அந்தப் பொம்பளையோடதானே போறே. நீதானே என் கையைப் புடிக்கப் போறே. மூட விடாதே. அம்மாவையும் மூடித்தான் அனுப்பினா. அம்மா அங்க என் கையைத்தான் தேடிட்டு நிப்பா. முகத்தை யாரு பாக்கறது, அது இப்பவே இப்படி ஊதிக் கெடக்கு."

நான் அக்காவிடம் சொல்ல மூன்று தடவை போனேன். முதல் தடவை உப்புக் கடன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் தடவை அவர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை அவர், "கண்ணு தெரியல, நூல் கோத்துக் குடு" என்று ஊசியை நீட்டினார். ஊசியைப் பார்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

"அக்கா, தங்கச்சிக்குக் கிளவுஸ் வேணாமாம்."

நூலை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் தைத்தார்.

"உன் தங்கச்சி கை எனக்குத் தெரியும். ஏழு" என்றார்.

அம்மா செத்த நாளிலிருந்து தங்கச்சி அவருக்குக் கை கொடுத்ததே இல்லை. தூரத்திலிருந்தே அளந்திருக்கிறார்.

அவள் ஒரு வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். அக்கா செருப்புப் பெட்டியோடு வந்து, கதவைச் சாத்தி, மற்றவர்களை வெளியே அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் குளிப்பாட்டினோம். அந்தக் கையை நான்தான் கழுவினேன். ஒன்பது புள்ளி, வளைந்த கோடு, வெளியே விழுந்த ஒரு புள்ளி. தோல் சுருங்கினாலும் பச்சை அப்படியே இருந்தது. முழங்கை வரை கை வைத்த வெள்ளை ரவிக்கை போட்டோம். அக்கா நீளக் கையுறையை எடுத்தார். நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

"அக்கா, அவ வேணாம்னு சொன்னா."

"எவ?"

"தங்கச்சி."

"அவ இப்ப ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்றே."

நான் கையை எடுக்கவில்லை.

"குழி தொறந்து கெடக்கு. குழி வெட்டறவன் உங்கம்மா எலும்பை ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கான். பெட்டியை மூடலாமான்னு பாஸ்டர் என்னைப் பாப்பாரு. நான் என்ன செய்யட்டும்? மாரியம்மா கோலத்தோட ஒருத்தியை நம்ம மண்ணுல வெக்கலாமான்னு கமிட்டியைக் கேக்கச் சொல்லட்டுமா? கேட்டா இன்னிக்கு ஆகாது. வெயில் வேற ஏறுது."

வெளியே தங்கச்சி மகன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிடலாம். கதவைத் திறந்து நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். தங்கச்சியாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. என் மனதில் வேறு ஒன்று இருந்தது. கல்லறையில் பெட்டியை மூடும் முன்பு கடைசி முத்தம் கொடுக்க விடுவார்கள். குனியும்போது கையுறையை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷ வேலை. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

என் கையை எடுத்தேன். தங்கச்சியின் கையைத் தூக்கிப் பிடித்தேன்.

"வா கண்ணு. கோவக்காரி. உள்ள வா" என்று அக்கா கூப்பிட்டார். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கோலம் மறைந்தது. கடைசியாக அந்த வெளிப்புள்ளி இருந்த இடத்தைப் பவுடர் கையால் தடவிவிட்டு, ஊசியை எடுத்துக் கையுறையின் வாயை ரவிக்கைக் கையோடு வைத்து முழங்கையைச் சுற்றித் தைக்க ஆரம்பித்தார். அப்படி அவர் யாருக்கும் செய்ததில்லை.

"தையல் எதுக்கு அக்கா?"

"கடைசி முத்தம் குடுக்கறப்ப நீ உருவிடுவே."

ஊசி ஒரு தடவை சதையில் இறங்கி வந்தது. "அவளுக்கு வலிக்காது" என்றார். நெருக்கமான தையல். முடிச்சுப் போட்டு, கத்தரிக்கோல் எடுத்து வரவில்லை என்று என்னைக் குனியச் சொன்னார். நான் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

கல்லறையில் நான் முத்தம் கொடுக்கக் குனிந்து, அந்தக் கையுறையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். வரவில்லை. பாஸ்டர் என் தோளைத் தொட்டு, "போதும்மா, விடுங்க" என்றார். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அக்கா தலையசைத்தார். பெட்டியை மூடினார்கள்.

அதற்குப் பிறகும் பத்து வருஷம் அவரோடு போனேன். ஏன் போனாய் என்று தங்கச்சி மகன் கேட்டான். கூப்பிட்டார், போனேன். ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார். "நான் தைச்சதுலயே நல்ல ஜோடி உன் தங்கச்சிக்குப் போட்டதுதான்." நான் ஆமாம் என்றேன்.

போன வருஷம் அவரும் போய்விட்டார். ஆள் இல்லாத வீடு. பாஸ்டர் என்னிடம், "உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே பண்ணிடுங்க" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

குளிப்பாட்டும்போது அவர் கைகளைத் தேடிப் பார்த்தேன். தோள் வரை, அக்குள் வரை பார்த்தேன். ஒரு கோலம், ஒரு தேள், ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருந்தால், ஐயோ பாவம் என்று நினைக்கலாம். ஒன்றுமில்லை. பால் மாதிரியும் இல்லை. எங்கள் எல்லார் கையும் போலக் கறுத்த, சுத்தமான கை.

செருப்புப் பெட்டியில் அவர் தனக்கென்று தைத்து வைத்திருந்த நீளக் கையுறை இருந்தது. அதில் செருகியிருந்த சீட்டில் அளவு எழுதியிருந்தது. அந்தச் சீட்டுகளை எழுதுகிற நீலப் பேனாவும் இருந்தது. நான் அவருடைய வலது கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது புள்ளி வைத்தேன். செத்த தோலில் மை சரியாகப் பிடிக்காது, அழுத்தி அழுத்தி எழுத வேண்டியிருந்தது. சுற்றி ஒரே கோடாக வளைத்தேன். மணிக்கட்டுப் பக்கம் அந்த வெளிப்புள்ளியையும் வைத்தேன். ஒன்றும் மறக்கவில்லை.

"இப்படியே போய் நில்லுங்க. எந்த வரின்னு கேப்பாங்க, சொல்லுங்க" என்றேன். அந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான்.

கையுறையை மாட்டினேன். தைக்கவில்லை. நாடாவைக்கூடக் கட்டவில்லை. அங்கே கையைத் தூக்கினால் நழுவி விழ வேண்டும் என்று அப்படியே விட்டேன். பாஸ்டர் வந்து பார்த்து, "அவங்க பண்ற மாதிரியே பண்ணியிருக்கீங்க" என்றார். பெட்டியை மூடும் முன்பு என்னைத்தான் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அவருக்குச் சொந்தக் குழி கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே வைத்தார்கள். எங்கள் அம்மாவும் தங்கச்சியும் இருக்கும் குழிக்குப் பக்கத்துக் குழி. எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டுவிட்டு, தோட்டத்துக் குழாயில் கை கழுவப் போனேன்.

மண் போய்விட்டது. விரலில் பேனா மை மட்டும் போகவில்லை. கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது.

அம்மா அங்கே முகம் பார்க்க மாட்டாள். அந்தக் கோலத்தைத்தான் பார்ப்பாள், அந்த வெளிப்புள்ளியைத்தான் பார்ப்பாள். தங்கச்சி முழங்கை வரை தைத்த கையோடு எங்கேயோ ஒரு ஓரமாக நிற்பாள். அந்த நூலைக் கடித்தது நான். எனக்கோ கட்டிலுக்கு அடியில் ஒளிந்த வெறும் கை. இத்தனை வருஷம் காத்திருந்த அம்மாவுக்குக் கோலத்தோடு கண்ணில் படப்போகிற ஒரே கை அந்தப் பொம்பளையுடையது. நான்தான் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். வந்துட்டியா மகளே என்பாள். அந்த அக்கா பிடித்த கையைச் சீக்கிரம் விடுகிறவர் இல்லை.